முள் நீலத்தில் நிற்கிறது

என் ஆயுளில் ஒரே ஒரு இயந்திரத்துக்குத்தான் நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். அது பிழைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவர்கள்தான் இன்னும் தேறவில்லை.

சொற்களை வைத்துக் காலம் தள்ளுகிறவன் நான். காற்று, நிலா, ஆற்றுமணல் என்று எழுதிக்கொண்டிருக்கிற வரைக்கும் என்னால் யாருக்கும் தொந்தரவில்லை. (என்னால் நிலா கெட்டுப்போனதாக இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை.) ஆனால் இன்டர்மீடியட்டில் பௌதிகம் எழுதித் தேறிய அந்த வருஷம், உலகத்தில் எந்தச் சாமான் பழுதானாலும் அது என்னிடம் காரணம் சொல்லியாக வேண்டும் என்று திரிந்துகொண்டிருந்தேன். அந்த நிலையில்தான் என்னை ஒரு கல்யாணக் காரில் முன் சீட்டில் ஏற்றினார்கள். ஏற்றியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

கல்யாணம் ஜெசிந்தா அக்காவுக்கு. என் சித்தி மகள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர் பரமத்தி வேலூர். கல்யாணம் சேலத்தில், மாப்பிள்ளையின் பங்குக் கோவிலில். ஐம்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு ஆகமன காலம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் முடிகிற வரை எங்கள் கோவில்களில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையோ ரயில்வேயில் எங்கோ வடக்கே வேலை. திங்கட்கிழமை ரயிலேற வேண்டும். அடுத்த லீவு சித்திரைக்கு மேல்தான் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் பூசை காலையில் மட்டும்தான். ஆக, அந்தச் சனிக்கிழமை நண்பகலுக்குள் அக்காவைப் பீடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மூன்று ஞாயிறு கோவிலில் வாசித்த கல்யாண அறிவிப்பு ஓலையும், வடித்த சோறும், தைத்த வெள்ளைச் சேலையும் வீண். சித்தப்பா உறவுக்காரர்களை அழைத்துக்கொண்டு முதல் நாளே பஸ்ஸில் சேலம் போய்விட்டார். காரில் அக்கா, சித்தி, டிரைவர் பழனியப்பண்ணன், பிறகு பௌதிகம் படித்த நான்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பெரியப்பாவின் கார். நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்த அவர், யுத்தத்துக்கு முந்தின இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கி, அதன் பெட்ரோல் இஞ்சினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு டீசல் இஞ்சினை இறக்கியிருந்தார். சீமாட்டியின் உடம்பில் மாட்டு வியாபாரியின் தொண்டை. அது வருகிறது என்று தெரிந்துகொள்ள அடுத்த ஊரில் இருந்தால் போதும்.

அந்தக் காரின் முகப்பில் தண்ணீர்ச் சூடு காட்டும் முள் ஒன்று இருந்தது. வட்டத்தின் இடது ஓரம் நீலம், வலது ஓரம் சிவப்பு. இஞ்சினின் தலையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் குமிழ் திருகியிருக்கும். ரேடியேட்டரிலிருந்து இஞ்சினுக்குள் சுற்றி வரும் தண்ணீரின் சூட்டை அந்தக் குமிழ்தான் தெரிந்துகொண்டு ஒரே ஒரு வயர் வழியாக முள்ளுக்குச் சொல்லும். முந்தின டிரைவர் ஒருவர் முள்ளைப் பார்க்காமல் ஓட்டி ஓர் இஞ்சினையே உருக்கிவிட்டாராம். அதனால் பழனியப்பண்ணனை வேலைக்குச் சேர்த்த அன்று பெரியப்பா ஒரு காரியம் செய்திருந்தார். தான் கிறிஸ்துவ வேதக்காரராக இருந்தும், ஆள் இந்து என்பதால் அவர் முறைப்படியே, தட்டில் சூடம் ஏற்றி வைத்து, முள் சிவப்பில் நின்றால் வண்டியை எடுக்க மாட்டேன் என்று கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ண வைத்திருந்தார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சத்தியம் முள்ளுக்குத்தான். இஞ்சினுக்கு இல்லை.

விடிகிற நேரத்தில் வேலூரை விட்டோம். வெற்றிலைக் கொடிக்கால்களின் ஈரம் கார் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது. நாமக்கல் மலை இருட்டிலிருந்து மெதுவாக எழுந்து நின்றது. நான் மனசுக்குள் வரி கட்டிக்கொண்டிருந்தேன். நாமக்கல்லைத் தாண்டிச் சேலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும், நிதானமாக நடுவில் நின்றிருந்த முள் யாரோ உதைத்த மாதிரித் துள்ளிச் சிவப்பின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது.

பழனியப்பண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். சாவியை மூடினார். முள் மெல்ல மெல்ல நீலத்துக்கு இறங்கியது. "ஆறுதுங்க" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்து சாவியைத் திறந்தார். இஞ்சின் இன்னும் ஓடக்கூட ஆரம்பிக்கவில்லை. முள் ஒரே மூச்சில் சிவப்புக்குப் போயிற்று. மூடினார், இறங்கிற்று. திறந்தார், ஏறிற்று.

(சாவியை மூடினால் கரண்டு நின்று முள் தானாகச் சாயும் என்பது இன்று என் பேரன் வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அன்று எங்களுக்கு அது இஞ்சினின் மூச்சு மாதிரி இருந்தது.)

"முள்ளு செவப்புல நிக்குதுங்க தம்பி. நான் எடுக்க மாட்டனுங்க. சூடத்த அமத்தியிருக்கறன்" என்றார் பழனியப்பண்ணன். சொல்லிவிட்டுத் தன் வலது உள்ளங்கையைக் காட்டினார், சூடம் இன்னும் அதில் புகைகிற மாதிரி.

நான் இறங்கினேன். பானெட்டைத் தூக்கினேன். உள்ளே கறுப்பாக, எண்ணெயாக, பெயர் தெரியாத சாமான்கள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினேன்.

அக்கா பின் சீட்டிலிருந்தே கேட்டாள்: "தொட்டுப் பாத்தியாடா?"

நர்ஸ் அல்லவா, அவளுக்கு எல்லாமே நெற்றிதான். தொடுவது விஞ்ஞானத்தில் ஆதாரம் ஆகாது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அன்று காலையில் நான் சொன்ன வாக்கியங்களில் இதைத்தான் அவள் இன்றுவரைக்கும் மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

இஞ்சின் ஓடாமலே சூடாகிறது. ரேடியேட்டரில் தண்ணீரோ கழுத்து வரைக்கும் இருக்கிறது. ஆகவே தண்ணீர் கெட்டுவிட்டது. பழைய தண்ணீர், சூட்டை வாங்கிக்கொள்ளும் சக்தி போய்விட்டது. இதுதான் என் முடிவு. பரீட்சையில் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்திருப்பார்கள். ரோட்டோரத்தில் நிற்கும்போது அது வேத வாக்காகத் தெரிந்தது. ரேடியேட்டரின் அடியில் இருந்த திருகைத் திறந்து பழைய தண்ணீரை மண்ணில் விட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. மொண்டு வரப் பாத்திரம்தான் இல்லை. சித்தி டிக்கியைத் திறந்து, சீர் வரிசையில் வைத்திருந்த புதுப் பித்தளைக் குடத்தைப் பூமாலையோடு எடுத்துக் கொடுத்தாள்.

பூசையில் நற்கருணை அப்பம், எங்கள் பேச்சில் நன்மை, வாங்குகிறவர்கள் முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்பது எங்கள் பழைய ஒழுங்கு. தண்ணீர் குடிக்கலாம் என்று ரோமாபுரியில் சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி சேலம் வரைக்கும்கூட வந்துவிட்டது. வேலூரில் எங்கள் சித்தி வீட்டு வாசலில் அது தடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. அக்காவுக்கு உதடு காய்ந்து வெள்ளையாகிவிட்டது. அவள் கண்ணெதிரே, அவள் சீர்க் குடத்திலிருந்து, கிணற்றுத் தண்ணீர் களக் களக்கென்று காரின் தொண்டைக்குள் இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கல்யாணப் பெண்ணின் பங்கையும் சேர்த்து அந்தக் கார் குடித்தது.

அடித் திருகை நான் மூடினேன். மூடினேன் என்றுதான் நினைத்தேன். கடைசிச் சுற்றுக்கு விரலை வைத்த நேரம் தலைக்கு மேலே கொக்குக் கூட்டம் ஒன்று, கிழிந்த வெள்ளைத் துணி காற்றில் போகிற மாதிரிப் போயிற்று. அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கடைசிச் சுற்று இன்னும் பாக்கி இருக்கிறது.

சாவியைத் திறந்தோம். முள் சிவப்பில் நின்றது.

சித்தி ஜெபமாலையை எடுத்துவிட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பழனியப்பண்ணன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டு புளியமரத்தடியில் குந்திவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. அக்காவின் கைப்பையில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும். கல்யாணத்துக்கும் எடுத்து வந்திருந்தாள். அதைக் கேட்டு வாங்கி, ரேடியேட்டரின் வாய்க்குள் விட்டு, அசையாமல் நின்றேன். கையில் கடிகாரம் இல்லாததால் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்து வெளியே எடுத்தேன். பாதரசம் அடியிலேயே கிடந்தது. ஏறவே இல்லை.

"அக்கா! இதுக்குக் காய்ச்சலே இல்லை. முள்ளுதான் பொய் சொல்லுது!"

அன்றைக்கு நான் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் இது. இதோடு நிறுத்தியிருந்தால் குடும்பத்தில் எனக்கு வேறு பெயர் இருந்திருக்கும். ஆனால் சந்தோஷத்தில் அங்கே நின்றபடியே அதை உயர்த்தி ஆட்டிக் காட்டினேன். தெர்மாமீட்டர் விரலிலிருந்து நழுவி ரேடியேட்டருக்குள்ளேயே விழுந்துவிட்டது. கார் அதையும் விழுங்கிக்கொண்டது.

"அது ஆஸ்பத்திரிதுடா" என்றாள் அக்கா.

எனக்கு நிற்க நேரமில்லை. பொய்யனைப் பிடித்துவிட்டவனின் வேகம். இஞ்சின் தலையில் பித்தளைக் குமிழைக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து போகும் வயர் வழியில் எங்கே எதில் உரசுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. உள்ளே சித்தி கூவினாள்: முள் இறங்கிவிட்டதாம். ஓடிப் போய்ப் பார்த்தேன். நீலத்தின் கடைசி ஓரத்தில், ஏற்காட்டில் பங்களா பிடித்தவன் மாதிரி, முள் சாய்ந்து கிடந்தது.

பழனியப்பண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார். "இனி எடுக்கறதுக்குத் தடை இல்லீங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டிய ஓட்டம்! விட்ட நேரத்தையெல்லாம் வாரி அள்ளிக்கொண்டு போனார். முள் நீலத்தில் இருக்கும்போது எந்த வேகத்தில் போகக் கூடாது என்று அவர் சத்தியம் எதுவும் பண்ணியிருக்கவில்லை. புளியமரங்கள் பின்னால் பறந்தன. நானோ முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன், பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

ஆண்டகளூர் தாண்டியதும் சித்தி மூக்கை உறிஞ்சினாள். "ஏஞ்சாமி, நெல்லு அவிக்கிற மாதிரி வாசம் வருது?"

பக்கத்தில் ரைஸ் மில் இருக்கும் என்றேன்.

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். ரைஸ் மில் எங்களோடேயே வந்துகொண்டிருந்தது. அக்கா மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தி, வண்டியை நிறுத்தித் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் திரும்பி, நோயாளி பரம சுகமாக இருக்கிறார் என்று முள்ளைக் காட்டினேன். நாங்கள் வந்த ரோடு முழுக்க, அந்தத் திருகிலிருந்து சொட்டுச் சொட்டாக, ஒரு நீளமான ஈரக்கோடு கிடந்திருக்க வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மல்லூருக்குக் கிட்டே இஞ்சினுக்குள் யாரோ இரும்புக் கதவைத் தட்டினார்கள். பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. வண்டி இரண்டு தடவை விக்கிவிட்டுத் தானாகவே நின்றது. முன்னால் ரோடே தெரியாத புகையில் உட்கார்ந்துகொண்டு பழனியப்பண்ணன் சொன்னார்: "முள்ளு நீலத்துலதானுங்க நிக்குது."

நான் இறங்கினேன். அவமானம் என் கண்ணை மறைத்துவிட்டது. முள்ளைக் காப்பாற்ற வேண்டும். அது நான் குணப்படுத்திய முள். தோளில் கிடந்த துண்டை ரேடியேட்டர் மூடியில் சுற்றினேன். அக்கா கதவைத் திறந்துகொண்டு, வெள்ளைச் சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"தொறக்காதடா! மூடியத் தொறக்..."

திறந்துவிட்டேன்.

முதலில் சத்தம். அப்புறம் பழுப்பாக ஒரு பனைமரம். அடிப்பாகம் என் மணிக்கட்டில் பட்டது. அரையணா அகலத் தழும்பு இன்னும் இருக்கிறது. மூடி போன இடம் தெரியவில்லை. நான் பள்ளத்தில் மல்லாந்து கிடந்தேன். மேலே போன தண்ணீர் மேலேயே ஆறி, அவசரமில்லாமல், துருவும் எண்ணெயுமாகக் கீழே இறங்கியது. எல்லாம் ஓய்ந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

ரோட்டில் அக்கா நின்றிருந்தாள். இடது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் வெள்ளைச் சேலை பழுப்பு. முக்காட்டு வலையிலிருந்து சொட்டுகள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுவதா வேண்டாமா என்று நின்றது. அவள் அதைத் துடைக்கவில்லை. கத்தவில்லை, அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

சித்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். மகளுக்குச் சுட்டுவிட்டதா என்று கேட்பாள் என்று நினைத்தேன். மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பி, உதட்டை உற்றுப் பார்த்துக் கேட்டாள்:

"கண்ணு, வாயத் தொறந்திருந்தியா?"

திறந்துதான் இருந்தாள். எனக்குப் புத்தி சொல்லத் திறந்த வாய். அக்கா வாய்க்குள் நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு உள்ள போயிருக்கும்மா" என்றாள். சித்தி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். நன்மைக்கான ஒருசந்தி விரதம் முறிந்துவிட்டது. முறிந்தால் நன்மை இல்லை. நன்மை இல்லாமல் கல்யாணப் பூசையா? பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றுவிட்டதாக அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பழனியப்பண்ணன்தான் நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்று, சேலத்து ஜவ்வரிசி ஆலைக்குக் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போன லாரி ஒன்றை மறித்தார். அக்காவையும் சித்தியையும் டிரைவர் பக்கத்தில் ஏற்றினோம். அவர் காருக்குக் காவலாக நின்றுவிட்டார். எனக்குக் கிழங்கு மூட்டைகளின் மேலே இடம் கிடைத்தது. சேலம் வரும் வரைக்கும் வானம் அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு வரிகூடத் தோன்றவில்லை.

கோவில் வாசலில் இரண்டு வீட்டு ஜனமும் வெயிலில் நின்றிருந்தது. மாப்பிள்ளை அமிர்தசாமி கோட்டும் டையுமாகப் படியில். பங்குச் சாமியார் கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழங்கு லாரி வந்து நின்றதை யாரும் சட்டை செய்யவில்லை. அதிலிருந்து கல்யாணப் பெண் இறங்கியதும் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசிக்கத் தொடங்கி, அவளை முழுசாகப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டார்கள்.

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் சித்தி ஓடிப்போய்ச் சாமியாரின் முன்னால் முழங்காலில் நின்றுவிட்டாள். "சாமி, பிள்ளைக்கு ஒருசந்தி முறிஞ்சு போச்சுங்க. ஒரு சொட்டுத் தண்ணி."

"தண்ணி குடிக்கலாம்னு உத்தரவு வந்துருச்சேம்மா. போன வருசமே பிரசங்கத்துல சொன்னனே."

"அது நல்ல தண்ணிக்குத்தானுங்க சாமி. இது கார் தண்ணி."

சாமியார் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் ரேடியேட்டர் வந்திருக்காது. "அது முழுங்கினதில்லம்மா, விபத்து. நேரமாவுது, உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தார்.

உள்ளே போகிற கூட்டத்தில் மாப்பிள்ளை என் பக்கம் ஒதுங்கினார். நேற்றுவரை அறிமுகமில்லாதவர், முகமெல்லாம் வேர்வை. "தம்பி, அவங்க ஒண்ணும் கோவமா இல்லையே?" என்று காதுக்குள் கேட்டார்.

அக்காவைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "இல்லீங்க. அமைதியாத்தான் இருக்காங்க" என்றேன். முள்ளைப் படிப்பதில் நான் அதற்குள் எதுவும் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

மாலை மாற்றி, தாலி கட்டி, பூசை முடிந்து வெளியே வந்தபோது நண்பகல் மணி அடித்தது. கல்யாணம் நிஜமாகவே நடந்துவிட்டது என்று அந்த மணி சத்தத்தில்தான் சித்திக்கு நம்பிக்கை வந்தது. பந்தலுக்கு வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணீரை அக்கா அண்ணாந்து குடித்து முடித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். இரண்டு குடும்பமும் கேட்கும்படி அவள் என்னைத் திட்ட ஆரம்பித்தது அப்போதுதான். பாயசம் வரும்வரைக்கும் நிறுத்தவில்லை. புது மாப்பிள்ளை இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மறு வாரம் பெரியப்பா காரைப் பிரித்துப் பார்த்தார். பித்தளைக் குமிழிலிருந்து வருகிற வழியில் வயரின் மேல்துணி தேய்ந்து, செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்ததாம். இரும்பைத் தொட்டால் முள் சிவப்பு. வயரைப் பிடுங்கினால் முள் நீலம். இரண்டுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பொய்யனைப் பிடித்து நான் இன்னொரு பொய்யனை உட்கார வைத்திருக்கிறேன். தெர்மாமீட்டரின் கண்ணாடித் துண்டுகளை அவர் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினார். அக்கா புதிதாக ஒன்று வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டினாள்.

கல்யாணப் படத்தில் அக்கா பூச்செண்டை இடது தோளுக்கு மேலே, துப்பாக்கி பிடிக்கிற மாதிரிப் பிடித்திருப்பாள். ஏன் என்று அவள் பிள்ளைகள் கேட்டார்கள். இப்போது பேரப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு என்னை முதல் நாளே பஸ்ஸில் அனுப்பிவிடுகிறார்கள்.

மச்சான் அமிர்தசாமிக்கு இப்போது முள்ளை நன்றாகப் படிக்க வருகிறது. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சத்தமே இல்லை, என்னைப் பார்த்து ஒரு புன்னகை வேறு. எல்லாம் சுகம்தானே என்று கேட்டபடி உள்ளே போகப் போனவனை மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"முள்ளு காலையிலிருந்து நீலத்துல நிக்குது" என்றார் மெதுவாக. "நீ போய் மூடியத் தொறந்துராத."